ஆக்கலும் காத்தலும்

குடைவரை கூறும் உண்மை

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள குன்றின் சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயில் ஒன்று உண்டு. அறிவர் கோயில் என்பது அதன் பெயர். கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று வண்ணங்களால் தீட்டப்பட்டிருக்கிறது. மலரும் மொட்டும் இலையும் செறிந்த அந்த ஓவியப் பொய்கையில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகள் இறங்கி நிற்கின்றன, மாந்தர் மலர் கொய்கின்றனர். காலத்தால் மங்கியும் கருத்தைக் கவரும் காட்சி அது.

இக்கோயிலின் முகப்பையடுத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் கோயிலைப் புதுப்பித்து, அதன் முன்னே ஒரு மண்டபத்தையும் எடுப்பித்தார் என்று அது தெரிவிக்கின்றது. பாறையைக் குடைந்து கோயிலை ஆக்கியவர் ஒருவர். பழுது கண்டபோது அதனைத் தம் பொறுப்பாக ஏற்றுக் காத்தவர் மற்றொருவர். முன்னவர் செய்த பணி, பின்னவர் கையால் மேலும் நீடித்தது.

உலகில் நின்று நிலவும் செயல்கள் பலவும் இவ்விருவகைத் தொண்டினாலேயே நிலவுகின்றன. புதிதாக ஒன்றை ஆக்கும் ஆற்றல் ஒரு பேறு. ஆக்கியதைப் பிறர் கையில் ஒப்புவித்து வாழச் செய்தல் மற்றொரு பேறு. இரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. கலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை தொழிலுக்கும் பொருந்தும். கோவை நகரில் வாழ்ந்து, இந்தியாவின் எடிசன் என்று மக்களால் போற்றப்பட்ட ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவருடைய நிறைகளும் பெரியவை, குறைகளும் பெரியவை. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இளமைப் பருவம்

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் ஊரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், உழவர் குடும்பம் ஒன்றில் துரைசாமி பிறந்தார். சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. ஓரிடத்தில் அமர்ந்து, சொல்லியதையே திரும்பச் சொல்லும் கல்வி அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆசிரியர்மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடியதாகவும் கூறுவர். தொடக்கப் பள்ளியின் கீழ் வகுப்புகளோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிவுற்றது.

பள்ளியை வெறுத்தாரேயன்றி அவர் அறிவை வெறுத்தாரல்லர். கண்ணிற் பட்ட பொருளை, இது எவ்வாறு இயங்குகிறது என்று உசாவும் வேட்கை அவரிடம் இயல்பாகவே இருந்தது. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர் வழியே வந்தார். மாடும் குதிரையும் பூட்டாமல் தானே ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி அன்றுதான் கண்டார். அந்தக் காட்சி அவரை ஊரிலே இருக்க விடவில்லை. அத்தகைய வண்டியைத் தாமும் பெற வேண்டும் என்னும் உறுதியோடு கோவைக்குச் சென்றார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையை ஏற்றார். பெற்ற ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அம்மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதன்மீது ஏறி ஊரைச் சுற்றி மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்; ஒவ்வொன்றும் எதற்காக அமைந்தது என்பதை ஆராய்ந்தார்; மீண்டும் அவற்றைப் பொருத்தி வண்டியை ஓடச் செய்தார். கைகளே அவருக்கு நூல்கள், இயந்திரமே ஆசிரியர். தாமே செய்து பார்த்துக் கற்பது அன்று முதல் அவருடைய வாழ்நாள் நெறியாயிற்று. வேகமாகக் கற்றார், வேகமாகச் செய்தார், வேகமாகப் பயன் கண்டார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

முதல் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில் துரைசாமி திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் இறங்கினார். போர்க்காலத்தில் பருத்திக்கு நல்ல விலை இருந்தது. கையில் பெரும்பொருள் சேர்ந்தது. வெற்றி தந்த துணிவோடு அவர் பம்பாய்க்குச் சென்று அங்குப் பருத்தி வாணிகத்தில் ஈடுபட்டார். திருப்பூரில் கைகொடுத்த திறமை பம்பாயில் கைகொடுக்கவில்லை. பழந்தின்று கொட்டை போட்ட வணிகர் நிறைந்த அச்சந்தையில் அவர் ஈட்டிய பொருளெல்லாம் கரைந்தது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

ஒரு துறையில் வென்றவன் எத்துறையிலும் அவ்வாறே வெல்லலாம் என்று எண்ணுவது இளமையின் இயல்பு. அந்த எண்ணத்தின் விலையைத் துரைசாமி இருபத்தைந்து வயதையொட்டியே செலுத்தினார். ஆயினும் அவர் மனம் சோர்ந்து அமரவில்லை. தமக்கு நன்கு தெரிந்த தொழில் எது என்று எண்ணிப் பார்த்தார். இயந்திரம் ஒன்றே அவர் முழுதும் அறிந்தது. கோவையில் ஆலையும் வாணிகமும் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருடைய திறமையையும் நேர்மையையும் அறிந்தவர். அவர் உதவிய பணத்தைக் கொண்டு 1920இல் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அது ஓடியது. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

பேருந்துத் தொழில்

ஒரு வண்டியோடு தொடங்கிய தொழில் விரைந்து வளர்ந்தது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரோடு விளங்கிய அந்நிறுவனத்தில், 1933ஆம் ஆண்டளவில் 280 பேருந்துகள் இருந்தன. ஒரே வண்டியை ஓட்டத் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுகளில் எய்திய வளர்ச்சி இது.

இவ்வளர்ச்சி நல்லூழால் மட்டும் வந்ததன்று. கூட்டம் சேர்ந்த பிறகே வண்டி புறப்படுவது வழக்கமாயிருந்த அந்நாளில், நாயுடு காலந் தவறாமையைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டார். பழுதான வண்டிக்கு உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திராமல், இயன்றவற்றைத் தம் பணிமனையிலேயே செய்துகொண்டார். பயணச்சீட்டு வழங்குவதற்கும் தாமே ஒரு பொறியை அமைத்தார். ஒரு குறையைக் கண்டால் அதைத் தீர்க்கும் கருவியை உடனே செய்வது அவருடைய முறை.

மக்கள் எவ்வளவு நேரம் வீணாகக் காத்திருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தவர் அவர். காலத்தின் அருமையை அவர் உணர்ந்ததுபோல அந்நாளில் உணர்ந்தோர் சிலரே. பின்னாளில், அடிக்கல் இட்டது முதல் முற்றுப்பெற்றது வரை 11 மணி நேரத்தில் ஒரு வீட்டையே கட்டிமுடித்துக் காட்டினார் என்றால், காலத்தின்மீது அவருக்கு இருந்த மதிப்பை நாம் உணரலாம்.

கைவண்ணம்

நாயுடுவின் கை தொடாத துறை இல்லை எனலாம். வெளிநாடுகளுக்குச் சென்றபோதெல்லாம் தொழிற்சாலைகளைக் கூர்ந்து நோக்கினார். 1936இல் இலண்டனில் நிகழ்ந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்தார். மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டாரைக் கொண்ட சவரக் கருவியை உருவாக்கினார். ரேசண்ட் என்பது அதன் பெயர். மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, எவரும் ஏமாற்ற இயலாத வாக்குப் பதிவுப் பொறி எனப் பல பொருள்கள் அவருடைய சிந்தையில் தோன்றிக் கைகளில் உருப்பெற்றன.

அவருடைய ஆராய்ச்சி இயந்திரத்தோடு நின்றதன்று. பருத்தி, சோளம், பப்பாளி ஆகிய பயிர்களில் புதிய வகைகளைக் கண்டார். அவருடைய பண்ணையைச் சர் சி. வி. இராமன், விசுவேசுவரையா போன்ற பேரறிஞர்கள் வந்து கண்டனர்.

இவை யாவற்றினும் பயன் மிக்கது மின்சார மோட்டாராகும். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவலாயிற்று. ஆழ்கிணறுகளிலிருந்து கவலை கட்டி நீரிறைத்து உழன்ற உழவர்க்கு அது புதிய நம்பிக்கையைத் தந்தது. ஆயினும் நீரிறைக்கும் மோட்டார் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்நாட்டிலேயே முழுவதும் செய்யப்பட்ட மின்சார மோட்டாரை உருவாக்கினர். இத்தகைய முயற்சியில் அதுவே இந்தியாவில் முதலாவது என்று போற்றப்படுகிறது.

எளியோர்க்கும் எட்டும் விலை என்பது நாயுடுவின் குறிக்கோளாக விளங்கிற்று. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த காலத்தில், ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். இருவர் அமர்ந்து செல்லும் சிற்றுந்தை 1952இல் உருவாக்கினார். அதற்கு அவர் கருதிய விலை 2,000 ரூபாயே.

நிறையின் நிழல்

ஒளி மிகுந்த இடத்தில் நிழலும் அழுத்தமாக விழும். நாயுடுவின் வேகமே அவருடைய வலிமை; அவ்வேகமே அவருடைய குறையும் ஆயிற்று. தாம் விரைந்து செய்வதைப் பிறரும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்று எதிர்பார்த்தார். மெல்ல நகரும் எதனையும் அவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அரசாங்கமோ மெல்லவே நகரும் இயல்புடையது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பெருந்தொழில்களுக்கு அரசின் உரிமம் தேவையாயிற்று. கிடைத்த மூலப்பொருளையும் அயல்நாட்டுச் செலாவணியையும் நாட்டின் முதன்மைத் தேவைகளுக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம். நோக்கம் நன்றேயாயினும், நடைமுறையில் அது பல நல்ல முயற்சிகளுக்குத் தடையாக நின்றதும் உண்டு. நாயுடுவின் சிற்றுந்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. வரி விதிப்பு முறையும் அவருக்குக் கொடுமையாகத் தோன்றியது. உழைத்து ஆக்குகின்றவனை ஊக்குவதற்கு மாறாக அது ஒறுக்கின்றது என்று அவர் கருதினார்.

அவருடைய மனக்குறையில் நியாயம் இருந்தது. ஆனால் அதை வெளிப்படுத்த அவர் தேர்ந்துகொண்ட வழி வேறாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில், வானொலிப் பெட்டி முதலாகத் தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் வைத்து அவர் உடைத்து நொறுக்கினார். மூன்று ஆண்டுகள் பரிமாறும் வேலை செய்து ஒரு மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருந்த அதே மனிதர், தம் கையால் ஆக்கிய பொருள்களைத் தம் கையாலேயே அழித்தார்.

அச்செயல் நாட்டைத் திகைக்கச் செய்தது. ஆயினும் சட்டம் அதனால் மாறவில்லை, உரிமமும் வரவில்லை. உடைந்த பெட்டிகளால் இழப்பு அடைந்தவர் அதிகாரிகள் அல்லர். மலிவான வானொலியை எதிர்நோக்கியிருந்த எளிய மக்களே இழந்தனர். சினம் நேர்மையானதாக இருந்தாலும், அது தன் இலக்கை விட்டுத் தன்னையே சுடுவதுண்டு என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

கல்லூரியும் கருத்து வேறுபாடும்

1944இல் நாயுடு தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் முதலியவற்றை அறிவித்தார். அடுத்த ஆண்டில், அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அந்நாளைய சென்னை மாகாண ஆளுநரான ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பள்ளிக் கல்வியைத் துறந்து ஓடிய சிறுவர், பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்.

அங்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் உறுதியான எண்ணம். பணிமனையில் கைபடக் கற்றால் காலம் குறையும் என்று அவர் நம்பினார். அரசு அதற்கு இசையவில்லை. தம் கருத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி அவர் பதவியைத் துறந்தார்.

ஏட்டுக்கல்வி மட்டும் போதாது, கைத்தொழில் பயிற்சியும் வேண்டும் என்று அவர் கருதியது முற்றிலும் சரியே. இன்றுள்ள கல்வியாளரும் அதனை வற்புறுத்துகின்றனர். ஆனால் அவர் தம்மையே அளவுகோலாகக் கொண்டு எல்லா மாணவரையும் அளந்தார். ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே அதன் நுட்பத்தை உணரும் திறன் ஆயிரத்தில் ஒருவர்க்கே வாய்ப்பது. ஏனையோர்க்குக் கணிதமும் அறிவியலும் படிப்படியாகவே விளங்கும். பாலத்தையும் அணையையும் பிரித்துப் பார்த்துக் கற்க இயலாது. தமக்கு எளிதாயிருந்தது பிறர்க்கும் எளிதாகவே இருக்கும் என்று எண்ணுதல் பேராற்றல் உடையோர் பலரிடத்தும் காணப்படும் குறையாகும்.

எடிசனும் நாயுடுவும்

நாயுடுவை எடிசனோடு ஒப்பிடுவது மரபு. ஒற்றுமைகள் பல உண்டு. தாமஸ் ஆல்வா எடிசனும் சில மாதங்களே பள்ளிக்குச் சென்றவர், தாமே முயன்று கற்றவர், அயராது உழைத்தவர். பிடிவாதமும் அவரிடம் இருந்தது. நேர்மின்சாரமே சிறந்தது என்று வாதிட்டு, மாறுமின்சாரத்தை அவர் இறுகப் பகைத்தார், அப்போட்டியில் தோற்றார்.

ஆயினும் ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. எடிசன் 1876இல் மென்லோ பார்க்கு என்னுமிடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துத் திறமை வாய்ந்த பலரைத் துணையாகச் சேர்த்தார். அமெரிக்க நாட்டில் 1,093 காப்புரிமைகளைப் பெற்றார். அவருடைய நிறுவனம் 1892இல் மற்றொன்றோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆயிற்று. அதன் பின்னர் எடிசனின் விருப்பையும் வெறுப்பையும் சாராமலேயே அது வளர்ந்தது. அவர் தோற்ற இடத்திலும் அவர் தொடங்கிய தொழில் தோற்கவில்லை. நாயுடுவின் சிற்றுந்தும் வானொலியும் அவர் ஒருவரையே சார்ந்து நின்றன. அவர் சினந்தபோது அவையும் அழிந்தன.

நின்று நிலவுவன

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜி. டி. நாயுடு இயற்கை எய்தினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. ஆனால் அவர் ஆக்கியவற்றுள் எவை நின்றன, எவை மறைந்தன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எழுபது ரூபாய் வானொலி எந்த வீட்டையும் சென்று சேரவில்லை. இரண்டாயிரம் ரூபாய்ச் சிற்றுந்து தெருவில் ஓடவில்லை. அவர் மனம் கசந்து விலகிய கல்லூரியோ அரசின் பொறுப்பில் வளர்ந்தது. தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு அது ஆண்டுதோறும் பொறியாளர்களை நாட்டுக்கு வழங்கி வருகின்றது. அது முதலில் இருந்த பகுதியை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். நாயுடுவோடு சேர்ந்து மோட்டாரைச் செய்த பாலசுந்தரம், பின்னாளில் டெக்ஸ்டூல் என்னும் தொழிற்சாலையை நிறுவி நூற்பாலை இயந்திரங்களை ஆக்கினார். மோட்டாரும் நீரேற்றும் பொறியும் செய்யும் பட்டறைகள் கோவையில் பலுகின. அப்பட்டறைகளை நடத்தியோர் பலர்; அவற்றில் உழைத்தோர் எண்ணற்றோர். கோவையின் பெயரை உழவர் நாவில் நிலைபெறச் செய்தவர் அவர்களே.

இவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நாயுடு தம் பிடிக்குள் இறுக வைத்துக்கொண்டவை மறைந்தன. பிறர் கையில் சேர்ந்தவை நிலைத்தன. சித்தன்னவாசல் கோயிலுக்கு ஓர் இளங்கௌதமன் வாய்த்ததுபோல, அவருடைய கல்லூரிக்கும் மோட்டாருக்கும் காப்பாளர் வாய்த்தனர். உடைத்து நொறுக்கிய பொருளுக்கு எவர் காப்பாளராக முடியும்?

கோவை மாநகர் அவரை மறக்கவில்லை. அவருடைய கருவிகள் பல அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டபோது அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. காலம் வீணாவதைக் கண்டு மனம் பொறாதவரின் பெயரை, பயண நேரத்தைக் குறைக்கும் பாலம் தாங்கி நிற்பது பொருத்தமே.

பெரியோர் வாழ்க்கையைக் கற்பது அவர்களை வழிபடுவதற்காக மட்டும் அன்று. நாயுடுவின் உழைப்பையும், விழுந்த இடத்திலேயே எழுந்து நின்ற உறுதியையும், எளியோர்க்குப் பயன்படவேண்டும் என்னும் கருத்தையும் நாம் கைக்கொள்ளலாம். பள்ளியைத் துறந்தார் என்பதனால் அவர் உயர்ந்தாரல்லர். கற்பதை ஒருநாளும் துறவாமையால் உயர்ந்தார். அவருக்கு எட்டாத ஒன்றையும் நாம் கற்றுக்கொள்ளலாம். தன்னைப்போல் விரைந்து நடக்க இயலாதவர்களோடும் சேர்ந்து நடத்தல் அது. கை ஓய்ந்த பின்னும் செயல் ஓயாதிருக்க வேண்டுமாயின் அதுவே வழி.